படத்தில் வெட்டுப்பட்ட முழங்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் பந்தயத்தின் ஸ்பிரிண்டர்களை (கோட்டருகே கடைசியில் பாய்ந்து ஜெயிப்பவர்கள்) ஒப்பிட்டு வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் சைக்கிள் பந்தயத்துக்கு முக்கால் பக்கம் கிடைப்பது அத்தி பூத்த மாதிரிதான். அதற்கு முதலில் நன்றி. சண்டை அப்புறம்.

கட்டுரையாளர் என்ன செய்திருக்கிறார்? யார் டூரில் எத்தனை ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், ஜெயித்தார் என்று எண்ணி, பெரிய எண்ணை மேலே போட்டு வரிசைப்படுத்திவிட்டார். மார்க் கேவண்டிஷ் 35, மார்செல் கிட்டல் 14, எரிக் சாபல் 12, பீட்டர் சகன் 12, ஆந்த்ரே கிரைப்பல் 11. இந்த எண்களில் தப்பில்லை. அந்த எண்களே பலத்தின் அளவு என்று முடித்துவிட்டாரே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மாமியார் வீட்டில் யார் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று எண்ணி நல்ல மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்த கதை.

அதைவிட உறுத்தியது படம். 2021 ஜூலையில் கார்கசோன் நகரத்தில் கேவண்டிஷ் தன் 34-வது ஸ்டேஜை வென்று அதிக ஸ்டேஜ் வென்ற எடி மெர்க்ஸின் சாதனையைத் தொட்ட நேரத்தில் எடுத்தது. கேவண்டிஷ் முழுசாக இருக்கிறார். வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் பாதி ஹெல்மெட்டும் தெரிகின்றன. பக்கம் பண்ணியவர் இடம் போதாமல் வெட்டியிருப்பார். அந்த முழங்கைக்குச் சொந்தக்காரர் டென்மார்க்கின் மிகேல் மோர்கோவ். அன்று இரண்டாவதாக வந்தவர் அவர்தான். ஜெயித்தவரைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு வந்து கோட்டருகே விட்டவரும் அவர்தான். இழுத்துவிட்டு ஓய்ந்து போக வேண்டியவர், ஓயாமல் மற்ற எல்லா அணிகளின் ஸ்பிரிண்டர்களையும் முந்தி இரண்டாவதாக வந்திருக்கிறார் என்றால், அவர் எந்த வேகத்தில் கொண்டுவந்து விட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். எனக்கு வயது 63. ஊர் திருவாரூர். நாலணா கொடுத்து ஒரு மணி நேரம் வாடகை சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன். தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றேன். ஆர்.கே. புரத்தில் குடியிருக்கிறேன். ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் கூட்டம் ஒன்று சாணக்யபுரியில் சாந்தி பாத்தில் கூடும். ஆறேழு பேர். எல்லோரும் இருபதுகளில் இருப்பவர்கள், நான் மட்டும் 'அங்கிள்'. மலையில்லாத ஊர் தில்லி. ஏறிக் காட்ட எங்களுக்கு நந்தி மலையும் கிடையாது, ஊட்டியும் கிடையாது. அகலமான, நேரான, தட்டையான சாலைதான் இருக்கிறது. அதனால் இங்கே சைக்கிள் ஓட்டுகிறவன் எவனும் ஒரு விதத்தில் ஸ்பிரிண்டர்தான். நேரு பார்க் பக்கம் ஒரு விளக்குக் கம்பம்தான் எங்களுக்கு, டூர் வழக்கமாக முடியும் பாரிஸ் வீதியான ஷான்ஸ் எலிசே. அதை யார் முதலில் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு டீ இலவசம்.

அந்தக் கம்பத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால்வரை காற்றை உடைப்பது என் வேலை. என் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மணிப்பூர்ப் பெண் ஒட்டிக்கொண்டு வருவாள். நான் விலகியதும் அவள் பாய்வாள். ஒருநாள் காலில் தெம்பு இருந்ததால் விலகாமல் அப்படியே மிதித்து நானே கம்பத்தைத் தாண்டிவிட்டேன். டீக்கடையில் அவள் என்னிடம் பேசவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "அங்கிள், உங்களை யார் ஜெயிக்கச் சொன்னது?" என்றாள். நியாயமான கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தட்டையான ஸ்டேஜின் கடைசிக் கிலோமீட்டரில் ஸ்பிரிண்டரின் அணியினர் நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டுவார்கள். பந்தயக்காரர்கள் இதை ரயில் என்கிறார்கள். முன்னால் இருப்பவர் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, மூச்சு முட்டியதும் விலகுவார். அடுத்தவர் ஏற்றுக்கொள்வார். பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்று அடைபடுவதால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடுவதால், அறுபதில் இருப்பவர் எழுபதைத் தொட அநியாயமாகச் செலவழிக்க வேண்டும். கடைசியில் மீதமிருக்கும் ஒருவரைத்தான் லீட்-அவுட் என்கிறார்கள். அவர் 200 மீட்டர் தூரத்தில் விலகும்போது ஸ்பிரிண்டர் 1,500 வாட் அளவுக்கு உடம்பிலிருந்து கறக்க வேண்டும். எங்கள் ஊர் வயலில் தண்ணீர் இறைக்கும் இரண்டு எச்.பி. மோட்டார் அதுதான். ஒரே வித்தியாசம், மோட்டார் நாள் முழுக்க ஓடும். மனிதன் பத்துப் பதினைந்து விநாடியில் தீர்ந்துவிடுவான்.

திருவாரூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் வீதி முனையில் தேர் திரும்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். திருவிழாப் படத்தில் தேர் இருக்கும், அவர் இருக்க மாட்டார்.

2009 டூரின் கடைசி நாள். பாரிஸில் கேவண்டிஷ் முதல், அவருடைய லீட்-அவுட் மார்க் ரென்ஷா இரண்டாவது. பன்னிரண்டு வருஷம் கழித்து கார்கசோனில் கேவண்டிஷ் முதல், மோர்கோவ் இரண்டாவது. இரண்டு முறையும் இழுத்தவரையே மற்றவர்களால் தாண்ட முடியவில்லை. 2012-ல் இன்னும் வேடிக்கை. மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த வருஷ டூரையே வென்ற பிராட்லி விக்கின்ஸ், பாரிஸ் வீதியில் கேவண்டிஷுக்காகக் காற்றை உடைத்துக்கொண்டு போனார். முதலாளியே வேலைக்காரனுக்குக் குடை பிடித்த மாதிரி. 2009 முதல் 2012 வரை நான்கு வருஷம் தொடர்ந்து பாரிஸில் கேவண்டிஷ் ஜெயித்தாரே, அதில் இவர்களுக்கெல்லாம் பங்குண்டு.

அப்படியானால் கேவண்டிஷ் பிறர் முதுகில் சவாரி செய்தவரா? அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரயில் இல்லாமல் அவர் என்ன ஆவார் என்பதை நான் தில்லியிலேயே பார்த்தேன். 2010 அக்டோபர் 10, ஞாயிறு. காமன்வெல்த் போட்டியின் சாலைப் பந்தயம் இந்தியா கேட்டைச் சுற்றி நடந்தது. அந்த ஜூலையில் டூரில் ஐந்து ஸ்டேஜ் வென்றவர், செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் புள்ளிகளுக்கான சட்டையை வாங்கியவர், அக்டோபரில் நம் ஊர் வெயிலில் மேன் தீவு என்ற குட்டித் தீவுக்காக ஓட்டிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு என்ற பேரில் கூட்டத்தையே விரட்டியிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் என் மைத்துனர் மகனும், நிலக்கடலைப் பொட்டலமும். ஒவ்வொரு சுற்றிலும் கும்பல் சர்ரென்று ஒரு புடவை கிழியும் சத்தத்தோடு போகும், பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நிசப்தம்.

160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ் ஜெயித்தார். நியூசிலாந்தின் ஹேடன் ரோல்ஸ்டன் இரண்டாவது, ஸ்காட்லாந்தின் டேவிட் மில்லர் மூன்றாவது. முதல் மூன்றில் கேவண்டிஷ் இல்லை. வருஷம் முழுக்க கேவண்டிஷோடு ஒரே கம்பெனிச் சட்டையில் ஓடிய ரோல்ஸ்டன் அன்று எதிராளி. ரென்ஷா ஆஸ்திரேலியர், வந்திருந்தாலும் எதிராளிதான். ஐந்து ஸ்டேஜ் வென்ற அதே கால்கள்தான் அன்றும். ஆனால் எட்டுப் பேர் செய்ய வேண்டிய காவல் வேலையை ஒரு குட்டித் தீவின் அணியை வைத்துக்கொண்டு செய்ய முடியவில்லை. முன்னால் ஓடிப் போனவர்களைத் துரத்திப் பிடிக்க ஆளில்லை என்றால், கடைசி 200 மீட்டர் திறமையைக் காட்டக் கடைசி 200 மீட்டரே வராது. உங்கள் கட்டுரையாளரின் எண்ணிக்கையில் அந்த ஞாயிறு எங்கே இருக்கிறது?

கேவண்டிஷின் உண்மையான பலம் உடம்பின் முரட்டு சக்தி கிடையாது. ஆய்வகச் சோதனைகளில் சுமார்தான் என்று இளவயதிலேயே பேர் வாங்கியவர் அவர். உயரம் ஐந்தே முக்கால் அடி. முதுகை மடக்கி மூக்கு ஹேண்டில்பாரைத் தொடுகிற மாதிரி குனிவதால் காற்று அவரைப் பிடிக்கவே திணறும். இரண்டாவது, ஏற்கெனவே வேகமாகப் போகும்போதே இன்னொரு உதை உதைக்கும் திறன். மூன்றாவது, கண். எந்த இடைவெளி திறக்கும், எந்த இடைவெளி மூடும் என்பதை மற்றவர்களுக்கு அரை விநாடி முன்னதாகவே படித்துவிடுவார். 2009-ல் மிலான்–சான் ரெமோ என்ற இத்தாலிய ஒருநாள் பந்தயத்தில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹைன்ரிக் ஹவுஸ்லர் முன்கூட்டியே பாய்ந்து தூரம் எடுத்துவிட்டார். எல்லோரும் கதை முடிந்தது என்று நினைத்தபோது, கேவண்டிஷ் மட்டும் துரத்திக் கோட்டில் சில அங்குல வித்தியாசத்தில் பிடித்தார். அதை நான் இன்றும் போனில் போட்டுப் பார்ப்பேன்.

கிட்டல் வேறு ஜாதி. ஆறடி இரண்டு அங்குலம், மலை மாதிரி உடம்பு. அவருக்கு நேரான, அகலமான சாலையும் நீண்ட ஓட்டமும் வேண்டும். கிடைத்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் அவர் நிழலில்கூட நிற்க முடியாது. கேவண்டிஷின் பாரிஸ் ஆட்சியை 2013-ல் முடித்துவைத்து, 2014-லும் அங்கே வென்றவர் அவர்தான். 2017-ல் மட்டும் ஐந்து ஸ்டேஜ். அதில் நுயி சான் ஜோர்ஜில் எட்வல்ட் போவாசன் ஹாகனை அவர் முந்திய தூரம் 6 மில்லிமீட்டர். நம் ஊர் எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் ஸ்க்ரூவின் தலை அளவு. ஆனால் சாலை வளைந்தால், ஏறினால், நாள் கடினமாக இருந்தால் அந்த உடம்பே அவருக்குப் பாரம். டூரில் புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையை ஒருமுறைகூட அவர் பாரிஸ்வரை கொண்டு சேர்க்கவில்லை. 31 வயதில் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெறும் கால் பலத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் அவர்தான் முதல் என்பது என் எண்ணம். அதை 14 என்ற எண் சொல்லாது.

கிரைப்பலைப் பற்றி ஒன்று மட்டும். ஒரே அணியில் கேவண்டிஷின் நிழலில் கிடந்தவர், வேறு அணிக்குப் போன முதல் வருஷமே, 2011-ல் கார்மோவில் அவரை நேருக்கு நேர் தோற்கடித்தார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குப் பிறகு தம்பி கட்டிய வீடு பெரிதாக அமைந்தது போல ஒரு திருப்தி அதில் இருந்தது.

சகனை இந்த வரிசையில் சேர்த்ததே குழப்பம். தட்டைச் சாலையில் நேருக்கு நேர் விட்டால் கிட்டலிடம் அவர் தோற்பார், தோற்றும் இருக்கிறார். அவர் பலம் வேறு: மலையைத் தாண்டியும் கூட்டத்தில் தங்குவார், மற்ற ஸ்பிரிண்டர்கள் நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதுமென்று பின்னால் முனகிக்கொண்டு வரும் நாளில், இவர் வழியில் உள்ள இடைப் புள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டு போவார். 2014-லும் 2015-லும் டூரில் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் பச்சைச் சட்டை வாங்கினார். 2015, 2016, 2017 என்று மூன்று வருஷம் வரிசையாக உலகச் சாம்பியன். தினம் நாலு ரன் எடுத்தே தொடர் நாயகன் ஆன பேட்ஸ்மேனை சிக்ஸர் எண்ணிக்கையில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

கட்டுரையில் ராபி மெக்யூவன் பெயரே இல்லை. அவருக்கும் 12 ஸ்டேஜ், சகனுக்கும் சாபலுக்கும் சமம். மறந்துவிட்டார்கள் போலும். ஆஸ்திரேலியரான இவர் பெரும்பாலும் ரயிலே இல்லாமல் ஓடியவர். மற்றவர்கள் கஷ்டப்பட்டுக் கட்டிய ரயிலில் டிக்கெட் எடுக்காமல் ஏறி, கடைசி ஸ்டேஷனில் எல்லோருக்கும் முன்னால் இறங்குவார். சைக்கிள் கேப்பில் ஆட்டோ ஓட்டுவது என்று நாம் சும்மா சொல்கிறோம், இவர் நிஜமாகவே சைக்கிள் கேப்பில் சைக்கிள் ஓட்டினார். 2007-ல் லண்டனிலிருந்து கேன்டர்பரி போன ஸ்டேஜில் கடைசிக் கட்டத்தில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டு, எழுந்து, துரத்தி வந்து கூட்டத்தைப் பிடித்து, ஜெயித்தும் காட்டினார்.

இப்போது ஓடுகிறவர்களைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரி. யாஸ்பர் பிலிப்சன் 2023-ல் நான்கு ஸ்டேஜும் பச்சைச் சட்டையும் வென்றபோது அவருக்கு இழுத்துவிட்டவர் மத்தியூ வான் டெர் பூல். தானே ஜெயிக்கக்கூடிய மகா பலசாலி. அந்த வருஷம் டூரில் தனக்கென்று ஒரு ஸ்டேஜ்கூட எடுக்காமல் போனார். 2024 மிலான்–சான் ரெமோவிலும் உலகச் சாம்பியன் சட்டையோடு பிலிப்சனுக்காக உழைத்தார், பிலிப்சன் ஜெயித்தார். அப்படிப்பட்ட ஆள் முன்னால் இருந்தால் நானும்கூடப் பத்தாவதாவது வருவேன் என்று எங்கள் கூட்டத்து தூத்துக்குடிப் பையன் சொல்வான். வரமாட்டான். இருந்தாலும் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது.

2025-ல் ஜோனாதன் மிலானும் டிம் மெர்லியரும் மோதியதைப் பார்த்தீர்களா? மிலான் உயரம் சுமார் ஆறடி நாலு அங்குலம். பாயும்போது தலையும் தோளும் உரலில் நெல் குத்துகிற மாதிரி மேலும் கீழும் ஆடும். குனிந்து காற்றை ஏமாற்றும் வேலையெல்லாம் இல்லை, காற்றை முட்டியே தள்ளுவார். மெர்லியர் அமைதியானவர், அணியின் ரயில் கலைந்துவிட்டாலும் தானே ஒரு சக்கரத்தைத் தேடிப் பிடித்துக்கொள்வார். டன்கெர்க்கிலும் ஷாட்டோருவிலும் இருவரும் சக்கரத்தோடு சக்கரம் வந்தபோது இரண்டு முறையும் மெர்லியர் முதல், மிலான் இரண்டாவது. ஆனால் மூன்று வாரம் முடிந்து பாரிஸில் பச்சைச் சட்டையோடு நின்றவர் மிலான். யார் பலசாலி? எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஜ் முடிந்து, பத்தரைக்கும் இந்தக் கேள்வி முடியவில்லை. மனைவி விளக்கை அணைத்துவிட்டாள்.

எரித்ரியாவின் பினியம் கிர்மாய் 2024-ல் மூன்று ஸ்டேஜும் பச்சைச் சட்டையும் வென்றார். டூரில் ஸ்டேஜ் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். இத்தாலியின் டூரின் நகரத்தில் அவர் முதலில் ஜெயித்த அன்று, கடைசி நேர விபத்தில் பெரிய அணிகளின் ரயில்கள் சிதறின. திறந்த வழியில் அவர் புகுந்தார். அதிர்ஷ்டம் என்றார்கள். பிறகு இன்னும் இரண்டு ஸ்டேஜ் ஜெயித்ததும் அந்தப் பேச்சு நின்றது.

என் தேர்வு யார் என்று சொல்லாமல் போனால் நழுவுகிறான் என்பீர்கள். நானும் கேவண்டிஷைத்தான் சொல்வேன். விடை சரி, வழி தப்பு என்று கணக்கு வாத்தியார் பாதி மார்க் வெட்டுவாரே, அப்படித்தான் உங்கள் கட்டுரைக்கும் வெட்டுகிறேன். என் காரணம் 35 கிடையாது, 35-வது. 2024 ஜூலை 3, சான் வுல்பாஸ். வயது 39. நாலு நாள் முன்னால்தான் முதல் ஸ்டேஜில் வெயில் தாங்காமல் வாந்தி எடுத்து, அணித் தோழர்கள் கூடவே இருந்து நேர வரம்புக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மோர்கோவ் அப்போதும் அதே அணியில் இருந்தார். ஆனால் கடைசி ஓட்டத்தில் கேவண்டிஷ் தன் ஆட்களின் சக்கரத்தைவிட்டு விலகி, அடுத்தவர்களின் சக்கரங்களுக்குத் தாவித் தாவி, வழி கண்டுபிடித்துப் பாய்ந்தார். பிலிப்சன் இரண்டாவது. தில்லியில் தனியாக விடப்பட்டுத் திணறியவர், பதினாலு வருஷம் கழித்து மெக்யூவனின் வித்தையைச் செய்து காட்டினார்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறு நான் சாந்தி பாத்தில் சரியான இடத்தில் விலகினேன். டீ அவளுக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய்.

அடுத்த ஜூலையில் இதே போல ஒரு படம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லுங்கள். விளம்பரம் ஒன்றைச் சுருக்கினால் ஒரு முழங்கைக்கு உடம்பு கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆர்.கே. புரம், புதுதில்லி

பி.கு.: சகன் ஆறு பச்சைச் சட்டை வென்றதாக அச்சாகியிருக்கிறது. ஆறு வென்றவர் சாபல், 1996 முதல் 2001 வரை தொடர்ந்து. சகனுக்கு ஏழு. திருத்தம் போட்டால் மகிழ்ச்சி.